கைமுட்டு

நாலாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது கோப்பு.
இசக்கியப்பன் எழுதியிருக்கிறான்:
"கைய மடக்குனா முட்டு சப்பிப் போகுது.
தண்ணி டியூப்ப மடக்குன கணக்கா இருக்கு.
பாரு ஜெபராணி."

பார்த்தேன்.
வண்ணார்பேட்டை பைபாஸ், இரண்டாம் மாடி.
கீழே டயர் கடை.
அவர்கள் காற்றடிக்கும்போதெல்லாம்
என் மேசையும் ஒரு மூச்சு இழுக்கும்.
திரையில் ஒரு தீயணைப்பு வீரன்
நான் பார்த்தேயிராத பனியில்
இரு கைகளையும் விரித்து நிற்கிறான்,
ஆணிக்குக் காத்திருப்பவன் போல.
மரத்திலிருக்கும் பூனையை இறக்கி
அவன் மார்போடு அணைக்க வேண்டும்.
அணைக்கப் போகிற ஒவ்வொரு முறையும்
முழங்கை செத்துவிடுகிறது.

வளையம் கூட்டினேன்.
மூன்று. ஐந்து. ஏழு.
கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் மாதிரி
கை கொள்ளாத வளையம்.
மடக்கினால் உள்பக்கத்தில் எல்லாம்
ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு
பாபநாசம் கடைசி பஸ்ஸின் படிக்கட்டு.

மத்தியானம் கீழே இறங்கி
புரோட்டா மாஸ்டர் மைதீன் பிச்சையின்
கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"என்னம்மா, மாவுல எதும் கெடக்கா?"
"இல்லண்ணே, ஒங்க முட்டப் பாக்கேன்."
அவர் வீச்சை நிறுத்தவில்லை.

மடங்கும்போது எலும்பு
ஆற்றுக் கல்லாய் வெளியே புடைக்கிறது.
அதைச் சுற்றித் தோல் இழுபட்டுப் பளபளக்கிறது.
உள்ளே ஒரே ஒரு கோடு,
மைதா படிந்து வெள்ளையாய்.
பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
வெளியே மூன்று
உள்ளே ஒன்று

மேலே வந்து உள்பக்கத்து வளையங்களை
ஒரே முடிச்சாய்ச் சேர்த்தேன்,
வெளிப்பக்கம் விசிறியாய்ப் பிரித்தேன்.
அப்புறம் பங்கு வைக்கிற வேலை.
இந்தப் புள்ளி மேல்கைக்கா, கீழ்க்கைக்கா?
இரண்டு மடைக்கு நடுவில் வயல் உள்ளவனுக்கு
இந்த வழக்கு தெரியும்.
முழுக்க ஒரு பக்கமே திறந்துவிட்டால்
மறுபக்கம் வெடித்துப் போகும்.
சிவப்பிலிருந்து நீலத்துக்குத் தடவித் தடவி:
பாதி உனக்கு, பாதி அவனுக்கு,
வரப்போரத்துக்குக் கால்.

முட்டு சப்பவில்லை.
ஆனால் எலும்பைப் பூட்டிப்
பூனை இருக்கும் பக்கம் மணிக்கட்டை இழுத்தால்
முழங்கை முன்னால் மடிகிறது,
எந்த மனுசனுக்கும் மடியாத திசையில்.

இசக்கியப்பன் போனில் சிரித்தான்.
"நட்டுக்க நிக்க கைக்கு
எங்கிட்டு மடங்கணும்னு எப்படிட்டீ தெரியும்?
கொஞ்சம் வளைச்சே பெத்துப் போடு."

நட்டுக்க நிற்காத கை ஒன்று
என்னிடம் இருக்கிறது.
எட்டாம் வகுப்பில்
மணிமூர்த்தீஸ்வரம் படித்துறைப் பாசியில் வழுக்கி,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கட்டு.
பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது.
நீட்டினால் பதினைந்து டிகிரி பாக்கி.
டிரில் பீரியடில் கை நீட்டி இடைவெளி விடச் சொன்னால்
என் பக்கத்தில் நிற்பவள் எப்போதும்
ஒரு சாண் கிட்டத்தில் இருப்பாள்.
தையல்கடை பிளெஸி
இடதுகையை மட்டும் இரண்டு தடவை அளப்பாள்.
ஒன்றும் கேட்கமாட்டாள்.

ஜன்னலில் கைபேசியைச் சாய்த்து வைத்துப்
படம் எடுத்தேன்.
முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.
வீரனின் கைக்குப் பின்னால் அதை ஒட்டிவைத்து
புள்ளி புள்ளியாய் இழுத்தேன்.
வலதுகைக்கும் அதையே
கண்ணாடிப் பிரதி எடுத்துக்கொண்டது மென்பொருள்.
இப்போது அவனுக்கு
இரண்டு கையும் என் இடதுகை.

ஏழேகாலுக்குக் கரண்ட் போனது. சேமித்திருந்தேன்.
வந்ததும் இன்னொரு முறை இழுத்தேன்.
பூனையை இன்னும் யாரும் செய்யவில்லை,
அதன் இடத்தில் ஒரு சாம்பல்நிற உருண்டை.
உருண்டையை அணைத்துக்கொண்டான்.
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.
மேசை அதிர்ந்தது. முட்டு நின்றது.

அனுப்பினேன்.
பத்து நிமிடத்தில் பதில்:
"கை ஓகே.
முழங்காலப் பாத்தியா?"